வாலுக்குக் கீலா, நேரடியா

செப்டம்பர் 6, சனி

இன்றும் காற்று. பொயிண்ட் குக்கில் இந்த வீட்டைக் காட்டிய ஏஜென்ட், ஏரி எத்தனை நிமிஷம், பள்ளிக்கூடம் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் சொன்னான், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் குப்பைத் தொட்டி தானாக எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

கராஜில் டிரைகாப்டர் தயார், வாலைத் தவிர. மூன்று கை, மூன்று மோட்டார், மூன்று விசிறி. ஊர் உலகமெல்லாம் ட்ரோனுக்கு நான்கு விசிறி வைக்கிறது. மூன்று போதும் என்று பிடிவாதம் பிடித்தவர் என் ரயில் சிநேகிதர் சிறிதரன். நான்கு இருந்தால் அது பாட்டுக்குப் பறக்கும், மூன்று என்றால்தான் நமக்கு வேலை இருக்கும் என்பது அவர் கட்சி. இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. மூன்று விசிறியும் சுற்றினால் உடம்பு தன்னால் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கப் பின்னால் இருக்கும் விசிறியை மட்டும் இடமும் வலமும் சாய்க்க வேண்டும். சாய்ப்பதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார், சர்வோ என்று பெயர். அதை வாலில் எப்படி மாட்டுவது என்பதில்தான் ஒரு மாதமாக நிற்கிறோம்.

இன்று சிறி புது சர்வோ கொண்டுவந்தார். உள்ளே பல்சக்கரம் எல்லாம் உலோகம். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி யாமினி காபி கொண்டுவந்து, "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே"ன்னு சொல்லிட்டுப் போனாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காற்று. கராஜ் கதவைத் திறக்கவே இல்லை.

செப்டம்பர் 13, சனி

சண்டை. நல்ல சண்டை, ஜாலியான சண்டை.

சிறி சொல்வது நேரடி முறை: சர்வோவின் கையிலேயே மோட்டாரைத் திருகிவிடு, சர்வோ திரும்பினால் விசிறியும் திரும்பும், நடுவில் ஒன்றும் கிடையாது. நான் சொல்வது கீல் முறை: மோட்டாரைக் கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீலில் வை, சர்வோவைக் கொஞ்சம் தள்ளி வை, இரண்டையும் ஒரு கம்பியால் இணை. மோட்டாரின் கனமும் அதிர்வும் கீலோடு போய்விடும், சர்வோ பிழைக்கும்.

"நடுவில கூடச் சாமான் வச்சால் கூடப் பிழை வரும், நரசிம்மன். கம்பி ஆடும், கீல் ஆடும், ஆர் பொறுப்பு?"

"மொத்தக் கனத்தையும் அந்தக் குட்டி சர்வோ தலையில கட்டுறீங்களே சிறி, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

இப்படியே இரண்டரை மணி நேரம். எனக்குத் தொழிலே சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் தருகிறார்கள். சிறி கட்டட வரைபடம் போடுகிறவர், கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் அவருக்குத் தூக்கம் வராது. ஆறு வருஷமாக ஒரே ரயில். அவர் வெரிபீயில் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து, வில்லியம்ஸ் லேண்டிங்கில் நான் ஏறும் வரை ஒருவரையும் உட்கார விடமாட்டார். ஒரு நாள் ஒரு பெண்மணி முறைத்ததற்கு, "மை பிரதர் இஸ் கமிங்" என்றாராம். நல்லவேளை, என் முகத்தையும் அவர் முகத்தையும் அந்த அம்மா ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கடைசியில் காசு சுண்டினோம். நேரடி.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரயில் ஃபுட்ஸ்கிரே தாண்டும்போது சிறி சொன்னார். வதனிக்கு — அவர் மனைவி, நர்ஸ் — சிட்னியில் வேலை கிடைத்துவிட்டது. டூங்கபியில் வீடு பார்க்கிறார்கள். அக்டோபர் 25, சனிக்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது.

"நல்ல விஷயம்தானே" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதர்ன் கிராஸில் இறங்கும்போது அவர் சொன்னார், "அதுக்கு முன்னம் இது பறக்கோணும். நாங்கள் ரெண்டு பேரும் நிண்டு பாக்கோணும்." கை கொடுத்தார். கொடுத்தேன்.

ஆறு வாரம்கூட இல்லை. இன்று ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேரடி முறையில் மாட்டிக் கொல்லைப்புறத்தில் தரையோடு கயிறு கட்டி ஓட்டிப் பார்த்தோம். வால் நடுங்குகிறது. குளிரில் பல் அடிப்பதுபோல டுகுடுகுடுகு. சிறி செட்டிங்கை மாற்றினார். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. "சரி வரும்" என்கிறார். எப்போது, தீபாவளிக்கா?

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாமினிக்குத்தான் தெரியும், ராத்திரிச் சாப்பாடு முழுக்க அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த ஊர் ஃபுட்பால் ஃபைனலுக்காக லீவு. சிறியும் வதனியும் வீடு பார்க்க சிட்னி போயிருக்கிறார்கள்.

கழற்றிவிட்டேன்.

அவர் மாட்டியதை அப்படியே கழற்றி, கீல் வைத்து, கம்பி வைத்து, பின்னால் மோட்டாரை உட்கார வைத்து — மூன்றே மணி நேரம். கயிறு கட்டி ஓட்டினேன். நடுக்கம் இல்லை! வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. அவரைக் கேட்டிருக்க வேண்டுமா? கேட்டால் திரும்ப இரண்டரை மணி நேரம் பேச வேண்டும், நேரம் எங்கே இருக்கிறது? பறந்தால் போதும் என்றுதானே கை கொடுத்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிறி வந்து பார்த்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீலை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"ஓம், நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

சண்டை போடுவார் என்று பதில்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். போடவில்லை. தேநீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். கிளம்பும்போது, "ஒவ்வொரு முறையும் எழுப்பிறதுக்கு முன்னம் வாலை விரலால ஆட்டிப் பாருங்கோ. கீல் வச்சால் அது கட்டாயம்" என்று மட்டும் சொன்னார்.

பிடிக்கவில்லையோ? பிடிக்கவில்லைதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. யாமினி லேப்டாப், சமையல் கத்தி, கார் சாவி, மகள் ஹம்சாவின் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "உங்க வாகனத்தையும் கொண்டாங்க" என்றாள். டிரைகாப்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். சந்தனம் குங்குமம் நானே வைத்தேன், ஆயுதம் என்னுடையது அல்லவா? மூன்று மோட்டாருக்கும் மூன்று பொட்டு. சர்வோவுக்கு ஒன்று. கீலுக்குக் கொஞ்சம் தாராளமாக. கீல் என் கட்சி ஜெயித்த இடம், அதற்கு இல்லாமல் யாருக்கு? படம் எடுத்து சிறிக்கு அனுப்பினேன். கும்பிடு ஒன்று போட்டு அனுப்பினார். பரவாயில்லை, கோபம் குறைந்திருக்கிறது.

நாளை பூஜை பிரிக்கும் வரை எதையும் தொடக் கூடாது. லேப்டாப்பும் உள்ளே போனதால் ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாயிற்று. சனிக்கிழமை காற்று குறைவு என்கிறது வானிலை அறிக்கை. மைதானத்துக்குச் சொல்லிவிட்டோம்.

அக்டோபர் 4, சனி

விழுந்துவிட்டது.

வெரிபீக்கு அப்பால் மாதிரி விமானக் கிளப்பின் மைதானம். காற்றே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள், மூன்று விசிறி என்றதும் எல்லோருக்கும் ஆசை. ரிமோட் என் கையில். தலை உயரம், அப்புறம் இரண்டு ஆள் உயரம். அழகாக நின்றது. இடப்பக்கம் திருப்பினேன். திரும்பியது, திரும்பியது, நிற்கவே இல்லை. பம்பரமாகச் சுற்றிக்கொண்டு வந்து குப்புற விழுந்தது.

கிளப்பில் பாதுகாப்பு பார்க்கும் பெரியவர் வந்து என்ன ஆயிற்று மேட் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சர்வோ போய்விட்டது என்றேன். நான் தேர்ந்தெடுத்த சர்வோ இல்லை, சிறி வாங்கியது என்றும் சொன்னேன். எதற்கு அதைச் சொன்னேன்?

சிறி உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமல் தமிழில் கேட்டார், "எழுப்ப முன்னம் வாலை விரலால ஆட்டிப் பாத்தனீங்களே?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நீங்க ஆரம்பத்துலேர்ந்தே கீல் வேண்டாம்னுதானே இருந்தீங்க? பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு இது பறந்தா என்ன, விழுந்தா என்ன?"

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

சிறி எழுந்து, பொறுக்கியதை எல்லாம் என் கார் டிக்கியில் ஒழுங்காக அடுக்கிவைத்தார். "நான் வாறன்" என்று அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆட்டிப் பார்க்கவில்லை. இங்கே எழுதினால் என்ன, யாரும் படிக்கப்போவதில்லை. நான் ஆட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள். மனம் எதிலும் நிற்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்றும் இன்றும் ரயிலில் சிறி இல்லை. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து பார்த்தேன். முந்தைய ரயிலில் போகிறார் போல. நின்றுகொண்டே போனேன்.

அக்டோபர் 11, சனி

புது சர்வோ மாட்டலாம் என்று பழையதைக் கழற்றினேன். கழற்றியதைச் சும்மா பேட்டரியில் இணைத்துப் பார்த்தேன். ஜம்மென்று திரும்புகிறது. இடம், வலம், நடு. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

கீலை ஆட்டினேன். நகரவில்லை. அழுத்தி ஆட்டினேன். கரகரவென்று ஒரு பக்கம் போய் அங்கேயே நின்றது.

ஊசியை உள்ளே விட்டு எடுத்தேன். மஞ்சளாக வந்தது. கூடவே கொஞ்சம் சிவப்பு.

சந்தனம். டப்பாச் சந்தனம், தாராளமாக வைத்தது, ஈரத்துணியால் துடைக்கும்போது கரைந்து கீலுக்குள் இறங்கி, காய்ந்து, சிமெண்ட்டாகப் பிடித்திருக்கிறது. குங்குமம் மணலுக்குப் பதில்.

பத்தொன்பது வருஷம் டெஸ்டர். மற்றவன் பொத்தான் நிறம் மாறினால் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதுகிறவன். ஒரு விரலை நீட்டி வாலை ஆட்டிப் பார்க்க முடியல. முடியலேன்னாலும் பரவாயில்ல, பார்த்தாச்சுன்னு வேற சொன்னேனே! அந்த மனுஷன் முகத்துக்கு நேரா!

யாமினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊசியைப் பார்த்தாள், கீலைப் பார்த்தாள், சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடியவில்லை. கீழே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சிறி அண்ணாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாட்ஸாப்பில் எழுதியது: "சிறி, ஒரு விஷயம்." அழித்தேன். "சிறி, சர்வோ நன்றாகத்தான் இருக்கிறது." அழித்தேன். "சிறி, சந்தனத்தின் வேதியியல் பற்றி…" இது என்ன கட்டுரையா? அழித்தேன்.

ஹம்சா சோபாவில் படுத்துக்கொண்டு போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, ஜஸ்ட் சே ஸாரி" என்கிறாள். பதினாலு வயசுக்கு எல்லாம் சுலபம்.

அக்டோபர் 15, புதன்

இன்னும் சொல்லவில்லை. லாரி வரப் பத்து நாள்.

எனக்கு என்ன பயம்? சந்தனத்தைச் சொல்வது பயமில்லை, அது தமாஷ், சிரித்துவிட்டுப் போகலாம். "பார்த்தாச்சு" என்று சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் சந்தனத்தை மட்டும் சொல்லிவிடலாம் என்று இன்று மத்தியானம் ஒரு யோசனை வந்தது. அற்பமான யோசனை. எழுதிவைத்துக்கொள்கிறேன், பின்னால் படித்து வெட்கப்பட.

அக்டோபர் 18, சனி

போனேன். போன் பண்ணாமல் போனேன், பண்ணினால் வேண்டாம் என்பார் என்று.

வெரிபீயில் அவர் வீட்டு ஹாலில் பெட்டிகள்தான். வதனி குசினியில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்கோ அண்ணை, கதிரையெல்லாம் கட்டியாச்சு, பெட்டியில இருங்கோ" என்றார். புத்தகம் என்று எழுதியிருந்த பெட்டியில் உட்கார்ந்தேன். சிறி எதிரே தரையில்.

கீலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சொன்னேன். சந்தனம், ஈரத்துணி, எல்லாம். அப்புறம், "நான் ஆட்டிப் பார்க்கல சிறி. பொய் சொன்னேன். அத்தனை பேர் முன்னால சர்வோ மேல பழி போட்டேன், உங்க மேல போட்டேன். பாதியில விட்டுட்டுப் போறீங்கன்னு வேற…"

சிறி கீலை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"நான் அண்டைக்கே கண்டனான்" என்றார்.

"எது?"

"சந்தனம். பொறுக்கேக்க கையில ஒட்டினது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன் அப்பவே சொல்லல?"

"அத்தனை வெள்ளையளுக்கு முன்னால, இவர் மிசினுக்குப் பொட்டு வச்சு விழுத்திப்போட்டார் எண்டு சொல்லுறதே? பிறகு உங்கட மானம் என்ன ஆகிறது?"

"அதுக்கப்புறம்? ரெண்டு வாரமா?"

டேப் ஒட்டியிருந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் பாத்தனான். ரயிலில வந்து பக்கத்தில இருந்தால் நானே கேட்டிடுவன் எண்டுதான் முந்தின ரயிலில போனனான்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியில் உட்கார்ந்துகொண்டு நாற்பத்தாறு வயது ஆள் அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? வதனி குசினியிலிருந்து, "ரெண்டு பேரும் கதைச்சு முடிஞ்சுதெண்டால் ஒராள் வந்து இந்த ஃபிரிட்ஜைத் தள்ளுங்கோ" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேரும் எழுந்து போய்த் தள்ளினோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

கராஜ். உடைந்த கைக்குப் புதுக் குழாய். வாலுக்கு என்ன?

நான் சொன்னேன், நேரடி முறையே வைப்போம், நடுவில் சாமான் இருந்தால் பிழை வரும் என்று நீங்கள் சொன்னது சரி. அவர் சொன்னார், இல்லை, கீல்தான், கயிறு கட்டி ஓட்டியபோது நடுக்கமே இல்லை என்று நீங்கள் சொன்னதுதான் சரி. உங்களுடையதே இருக்கட்டும் என்று நான், இல்லை உங்களுடையதே என்று அவர். போன மாதச் சண்டை இடம் மாறி உட்கார்ந்து திரும்ப ஆரம்பித்தது. யாமினி வந்து, "இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

கீல், அவருடைய சர்வோவோடு. கீலை அவர்தான் மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சிறி வீட்டில் பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதால் எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு. யாமினியின் தட்டை, பறக்கவிடலாம் போல அவ்வளவு மெலிசு. சிறி ஐந்து சாப்பிட்டார்.

அக்டோபர் 22, புதன்

காற்று. நாளைக்கும் காற்று, நாளன்றைக்கும் காற்று என்கிறான் வானிலைக்காரன். சனிக்கிழமை காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் ஓய்கிறதாம். லாரி பத்து மணிக்கு.

அக்டோபர் 25, சனி

ஏழு மணிக்கு மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். புல் நனைந்து கிடந்தது.

ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்றார். இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம் குனிந்து வாலை விரலால் ஆட்டினேன். இடம், வலம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஆட்டினேன்.

எழுந்தது. தலை உயரம், இரண்டு ஆள் உயரம், அதற்கும் மேலே. இடப்பக்கம் திருப்பினார். திரும்பியது, நிறுத்தினார், நின்றது! வலப்பக்கம் — நின்றது! "பாருங்கோ, பாருங்கோ, வால் பாருங்கோ" என்று கத்துகிறார், நான் வேறு எதைப் பார்ப்பேன்? ஏழு நிமிஷம். பாதியில் ரிமோட்டை என்னிடம் நீட்டினார், நான் ஓட்டினேன். கடைசியில் அவரே இறக்கினார், முட்டை வைப்பதுபோல.

சிட்னிக்கு அது அவரோடு போகிறது. இதற்கு மட்டும் சண்டை இல்லை, அவர் கேட்பதற்கு முன்னாலேயே அவர் கார் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன்.

லாரி மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பியது. கையாட்டிவிட்டு வந்து கராஜைப் பெருக்கினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

குதிரைப் பந்தயத்துக்காக லீவு, கப் தினம். கராஜில் எதுவும் செய்யவில்லை. யாமினி அங்கே பழைய ஷூக்களைக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்திருக்கிறாள். இடம் இருக்கிறதே என்கிறாள்.

நவம்பர் 16, ஞாயிறு

சாயங்காலம் சிறி போன்.

"நரசிம்மன், வாலில ஒரு பிரச்சினை."

உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீல் இறுகியிருக்கா? இல்லை. கம்பி வளைந்திருக்கா? இல்லை. நடுக்கம்? இல்லை. சர்வோ சூடாகுதா? இல்லையாம். விரலால ஆட்டிப் பார்த்தீங்களா? "ஓம், ஓம், லேசாத்தான் ஆடுது."

"அப்ப என்னதான் பிரச்சினை?"



"பிரச்சினை ஒண்டும் இல்லை. எப்ப வாறியள்?"

டிசம்பர் 6, சனிக்கிழமை. காலை ஏழு மணி விமானம். யாமினியிடம் வாலில் பெரிய கோளாறு, நேரில் போய்ப் பார்த்தால்தான் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.